ஸ்டார்ட்டருக்குள் சோளக்கட்டை

என் கணவரின் சவப்பெட்டி பாதிக் குழியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் மாவு மில் தானாக ஓட ஆரம்பித்தது.

பூட்டிய மில். உள்ளே ஆள் கிடையாது. சாவி என் இடுப்புத் துணி முடிச்சில் இருந்தது.

முதலில் ஓர் உறுமல். பெல்ட் வழுக்கிப் பிடிக்கும் சத்தம். அதன் பிறகு இருபது குதிரைசக்தி மோட்டாரின் முழு இரைச்சல், தகரக் கூரையை அதிரவைத்துக்கொண்டு, வெறும் வயலைத் தாண்டி, இடுகாட்டு மரங்களுக்குள் வந்து விழுந்தது.

கயிறு பிடித்த நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். பாட்டு பாதியில் அறுந்தது. முந்நூறு தலைகள் மில் பக்கம் திரும்பின.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வோல்டேஜ் பரவாயில்லை என்று தோன்றியது.

எங்கள் ஊர் கப்வாலாவில் ஒரு சாவு விழுந்தால் குழி மூடும்வரை சத்தம் கூடாது. உலக்கை சும்மா கிடக்கும். மண்வெட்டி வயலுக்குப் போகாது. ரேடியோ வாயைத் திறக்காது. ஆற்றுக்கு அக்கரையில் டீசல் மில் வைத்திருக்கும் லைசன் வேறொரு தலைவரின் ஊர்க்காரர். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு அவரைத் தொடாது. அவர்கூட அன்று காலை இன்ஜினை நிறுத்திவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட நாளில், செத்தவரின் சொந்த மில்லே கத்தியது.

ஏன் கத்தியது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு எங்களிடமும் டீசல் இன்ஜின்தான். கம்பம் நட்ட மாதமே என் கணவர் பிஸ்விக் அதை லைசனிடம் விற்றுவிட்டார்.

"இனிமே டீசல் கேனைக் கட்டிக்கிட்டு முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டாம், எனலெசி. பொத்தானை அமுக்கு. மாவு கொட்டும்."

கொட்டத்தான் செய்தது. முதல் வருடம் ஐந்து ஊர்ச் சோளம் எங்களிடம் வந்தது. டீசல் காலத்தில் வாரம் மூன்று நாள் ஓடிய மில் ஆறு நாள் ஓடியது. வாசலில் ஒரு பல்பு. பல்புக்குக் கீழே போன் சார்ஜ் போடப் பத்து வயர். வரிசையில் நிற்பவர்களுக்கு நான் மந்தாசி மாவுருண்டை பொரித்து விற்றேன். ஊரில் என்னை 'மில்லம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து பிடித்தது சனி. அதே கம்பியில் இன்னும் எட்டு ஊரைக் கோர்த்தார்கள். வெல்டிங் கடை வந்தது. கோழிப் பண்ணை வந்தது. மதியம் ஆனால் பல்பு சிவந்து, பழுத்த மிளகாய்போல் தொங்கும். மோட்டார் மூச்சு வாங்கும். உடனே சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழும்.

விழுவதுதான் அதன் வேலை. வோல்டேஜ் இறங்கினால் அது தானாக விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும். ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை காப்பாற்றினால் என்ன செய்வது? ஒவ்வொரு தடவையும் மில்லுக்குள் சோளம் அடைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி, சல்லடையை உருவி, கையால் அள்ளி வெளியே போட வேண்டும். வரிசை முனகும். முனகல் முற்றினால் சோளத் தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து லைசனிடம் போய்விடுவார்கள். எங்கள் பழைய இன்ஜினிடம்.

வெயில் காலத்தில் ஆறு கணுக்காலளவு. மழை வந்தால் இடுப்பளவு. போன ஜனவரியில் பக்கத்து வீட்டு டொரிக்காவின் மகள் மாவோடு வழுக்கி விழுந்து, மாவும் போய், முழங்காலும் போய், இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம்தான் பிஸ்விக் ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றினார். மணி உதிர்த்த சோளக்கட்டை ஒன்றை எடுத்தார். பாதியாக ஒடித்தார். ஸ்டார்ட்டரில் கரண்டைச் சேர்க்கும் இரண்டு தாடைகளும் சேர்ந்தே நிற்கும்படி அதை உள்ளே சொருகினார்.

"இனி எப்படி விழுறேன்னு பாக்கறேன்" என்றார்.

விழவில்லை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் முக்கும், முனகும், ஆனால் நிற்காது. ஆபத்து அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். கரண்ட் போனால் முதல் வேலை, கட்டையை உருவுவது. உருவாவிட்டால் கரண்ட் திரும்பும்போது மில் தானாகக் கிளம்பிவிடும்.

ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட மறக்கவில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

*

நவம்பர் கடைசி. மழைக்கு முந்தைய காற்று. பிஸ்விக்குக் காலையிலிருந்து தலைவலி. வீட்டில் படுத்திருந்தார். மில்லில் நான் தனியாக இருந்தேன். மில்லின் மேலே சோளம் கொட்டும் கூம்பு நிறைய யாருடையதோ ஓடிக்கொண்டிருந்தது.

பட்டென்று கரண்ட் போனது. காற்றில் எங்கேயோ கம்பம் சாய்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் கட்டையை உருவக் கையை நீட்டினேன். அதே நேரம் வாசலில் டொரிக்காவின் குரல்.

"மில்லம்மா! ஓடி வா! உங்க வீட்டுக்காரர் கிணத்தடியில விழுந்து கிடக்குறாரு. வாய் கோணிப் போச்சு!"

கதவைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டு ஓடினேன். கட்டை உள்ளேயே இருந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஏழு நாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான்காம் நாள் அவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. பாதி வாயால் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கவில்லை.

"கட்டையை எடுத்தியா?"

"எடுத்துட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கடைசியாக அவரிடம் நான் சொன்னது ஒரு பொய். அதை நினைத்தால் மனசை ஏதாவது செய்ய வேண்டும் என்று பார்க்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

உடலை ஏற்றிக்கொண்டு ஊர் வந்தபோது சாவுக் கட்டுப்பாடு தொடங்கியிருந்தது. மில் கதவைத் திறக்கக்கூடாது. கரண்டும் இன்னும் வரவில்லை. ஒரே ஒரு நாள்தானே, குழி மூடியதும் போய் உருவிவிடலாம் என்று நினைத்தேன்.

சாவு வீட்டுக்கு மாவு வேண்டும். வருகிறவர்களுக்கு ந்சிமாக் களி கிண்டிப் போட வேண்டும். வழக்கப்படி வீட்டுக்கு ஒரு தட்டு மாவு வரும். ஆனால் எந்த வீட்டிலும் கொடுக்கும் அளவுக்கு மாவில்லை. எட்டு நாளாக எங்கள் மில் செத்துக் கிடக்கிறது. சோளத்தைத்தான் தட்டில் கொண்டுவந்தார்கள். லைசன் நான்கு மூட்டை மாவை சைக்கிளில் அனுப்பி வைத்தார். பின்னாலேயே அவரும் வந்தார்.

"காசு கீசுன்னு பேச்செடுத்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார். "உங்க இன்ஜின் நல்லாத்தான் ஓடுது, மில்லம்மா. காலைல முதல்ல கிளம்புறப்போ மட்டும் பிஸ்விக் மாதிரியே இருமும்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

*

பிஸ்விக்கின் அக்கா மலிட்டாவும், அவள் மகன் ஃபோஸ்டினோவும் ஒரு லாரி பிடித்து வந்திறங்கினார்கள். எங்கள் பக்கம் ஆண்தான் பெண் வீட்டோடு வந்து இருப்பான். அவன் செத்தால் அவன் ரத்த சொந்தம் வந்து உடலைக் கேட்கும். உடலோடு மற்றதையும் கேட்கும். அப்படிப் பிடுங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் தலைநகரத்தில் இருக்கிறது. ஃபோஸ்டினோ இங்கே இருந்தான்.

மலிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு."

"அழுகை வரல அண்ணி."

"வராது. உனக்கென்ன, மில் இருக்கு."

ஃபோஸ்டினோ கிராமத் தலைவி சிங்காம்பாவின் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். முப்பது வயது. நகரத்துச் செருப்பு. பேச்சில் சர்க்கரை.

"தலைவியம்மா, நாங்க தகராறு பண்ண வரல. மாமாவை எங்க ஊர் மண்ணுலதான் புதைக்கணும். அதான் முறை. ஆனா அத்தை மனசும் நோகக்கூடாது பாருங்க. உடம்பு உங்களோட இருக்கட்டும். மோட்டாரை நாங்க எடுத்துக்கறோம். மீட்டர்கூட மாமா பேர்லதான் இருக்கு."

தலைவி சிங்காம்பா அறுபதைத் தாண்டியவள். ஒல்லி. எதையும் உடனே பேசமாட்டாள். மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மோட்டாரை மட்டும்தானா? கூரைத் தகரம் வேணாமா?"

"தகரம் துருப்பிடிச்சிருக்கு அம்மா."

"ஓ. பாத்துட்டியா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. குழி மூடியதும் மோட்டார் லாரியில் ஏறும் என்று ஆகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. மோட்டார் போனால் எனக்கு மில் இல்லை. மில் இல்லாவிட்டால் நான் மழைக்கால ஆற்றில் தொட்டியோடு இறங்கும் இன்னொருத்தி. அவ்வளவுதான். அதை யாரோ ஒருத்தியின் கதைபோல நினைத்துப் பார்த்தேன்.

*

இப்போது குழியருகே வருகிறேன்.

மில் கத்துகிறது. பெட்டி தொங்குகிறது. நான் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் துணி. புருஷனைப் பறிகொடுத்தவள் கடைசி மண் விழும்வரை எழக்கூடாது.

ஃபோஸ்டினோ ஆண்கள் வரிசையிலிருந்து துள்ளி எழுந்தான்.

"யாரது மில்லுக்குள்ள?"

"யாருமில்ல" என்றது யாரோ ஒரு குரல். "செத்தவர்தான் வேலைக்குப் போயிட்டாரு போல."

ஒரு கிழவர் செருமினார். இரண்டு பெண்கள் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள்.

அப்போது சத்தம் மாறியது. என்னைவிட நன்றாக அதைக் கேட்கத் தெரிந்தவர் பெட்டிக்குள் இருந்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு கரண்ட் வந்திருக்கிறது. எட்டு ஊரிலும் எல்லாரும் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள். வோல்டேஜ் இறங்கியது. இரைச்சல் கனத்தது. கூம்பில் சோளம் மிச்சமிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அது உள்ளே இறங்கி அடைக்கிறது. மோட்டார் முக்குகிறது.

வேறு நாளாக இருந்தால் இந்நேரம் ஸ்டார்ட்டர் 'டக்' என்று விழுந்திருக்கும். விழாது. கட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது.

பத்து நிமிடம். அதற்கு மேல் தாங்காது.

ஃபோஸ்டினோவுக்கும் அது எப்படியோ புரிந்துவிட்டது. என் முன்னால் வந்து குனிந்தான்.

"அத்தை, சாவி! சாவியக் குடுங்க!"

என் கை இடுப்பு முடிச்சில்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவில் சாவி. அவிழ்ப்பது ஒரு நொடி வேலை. 'சிவப்புப் பொத்தானை அமுக்காதே, அது வேலைக்காகாது, உள்ளே ஒரு சோளக்கட்டை இருக்கிறது, மரக்குச்சியால் தட்டி வெளியே எடு' என்று சொல்ல இன்னொரு நொடி. சொன்னால் மோட்டார் பிழைக்கும். பிழைத்து லாரியில் ஏறும்.

நான் தலைவியைப் பார்த்தேன்.

"உக்காருடா" என்றாள் சிங்காம்பா.

"அம்மா, மோட்டார் எரிஞ்சு போயிடும்!"

"குழி மூடல. யாரும் எந்திரிக்கக்கூடாது."

"பொத்தானை அமுக்கிட்டு ஓடி வந்துடறேன் அம்மா, ரெண்டே நிமிஷம்..."

"உன் மாமன் அந்தரத்துல தொங்குறான். உனக்கு மோட்டாரா பெருசு?"

மலிட்டாவே மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. மானத்த வாங்காத."

உட்கார்ந்தான்.

பெட்டி இறங்கியது. சாவில் குழி வெட்டுகிறவர்கள் வைத்ததுதான் எங்கள் ஊரில் சட்டம். தலைவிகூட அவர்களை அவசரப்படுத்தமாட்டாள். அவர்களில் மூத்தவர் மண்வெட்டியை எடுத்தார். ஒரு கை மண் போட்டார். நிறுத்தினார். நெற்றியைத் துடைத்தார். அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் மண்வெட்டியின் காம்பு ஆடுகிறது என்று சொல்லி, கல்லால் தட்டி இறுக்கினார்.

மில் இப்போது கத்தவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே மாதிரி முனகியது. மோட்டார் சுற்றுவது நின்றுவிட்டது, ஆனால் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டுக் குழுவுக்கு அந்த முனகலே சுருதியாகிவிட்டது. தங்களை அறியாமல் அதே தொனியில் பாட ஆரம்பித்தார்கள். எல்லா அடியும் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு அத்தனை அடிகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கறையான் வரிசை குழி விளிம்பில் இரண்டாகப் பிரிந்து போனது. அதையும் பார்த்தேன்.

பிறகு வாசனை வந்தது. எரிந்த வார்னிஷ், ரப்பர், அதோடு வறுத்த சோளம். 'பட்' என்று ஒரு சத்தம். அமைதி.

அமைதி வந்த பிறகு மண் வேகமாக விழுந்தது.

*

மோட்டார் கறுத்திருந்தது. தொட்டால் கை பொசுங்கும் சூடு. ஃபோஸ்டினோ குனிந்து முகர்ந்து பார்த்தான். செருப்புக் காலால் ஓர் உதை விட்டான். வலித்தது அவனுக்குத்தான்.

"இரும்புக் கடையில போட்டாலும் லாரி வாடகைக்குத் தேறாதும்மா."

மலிட்டா என்னைப் பார்த்தாள். நீ என்னமோ செய்தாய் என்ற பார்வை. ஆனால் நான் எழவே இல்லை என்பதை அவளே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

"சனியன் பிடிச்ச மில்லு" என்றாள். லாரி ஏறினார்கள். ஆட்டுக் கிடாய் ஒன்றை மட்டும் பிடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

லாரியின் புழுதி அடங்குமுன் தலைவி வந்து மில் வாசலில் நின்றாள்.

"குழி மூடுறதுக்குள்ள சத்தம் போட்டிருக்கு உன் மில்லு."

"ஆமாம்மா."

"மூணு கோழி அபராதம்."

கொடுத்தேன். ஒன்று முட்டையிடுகிற கோழி. தலைவி அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு கட்டையை உருவினேன். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பழைய வெள்ளை. அடுப்பில் போட்டேன். அன்றைக்கு ந்சிமா அதில்தான் வெந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு கட்டையில் என்ன வேகும்?

*

சாவுக்கு வந்த தட்டுச் சோளம் பதினொரு மூட்டை சேர்ந்திருந்தது. அதை விற்றேன். மோட்டாரை லைசனின் மாட்டுவண்டியில் தார்ரோடு வரை கொண்டுபோய், அங்கிருந்து சோள லாரியில் தலைநகரம் லிலோங்வேக்கு ஏற்றினேன். சந்தைக்குப் பின்னால் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் வரிசையாக இருக்கும். முதல் கடைக்காரர் வயிறு பெருத்தவர். கருகிய செம்புக் கம்பியை இழுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எப்படி எரிஞ்சுதாம்?"

"கரண்ட்ல."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. ஸ்டார்ட்டர் இருந்தா எப்படிம்மா இந்த அளவுக்கு வேகும்? என்ன சொருகுனீங்க? ஆணியா?"

"சோளக்கட்டை."

"சோளக்கட்டை!" உள்ளே திரும்பிக் கத்தினார். "இன்னொரு சோளக்கட்டை வந்திருக்குடா!" என்னிடம் திரும்பினார். "வாரத்துக்கு ரெண்டு வருது. இந்த நாட்டுல சோளம் விளையற வரைக்கும் எனக்குச் சோத்துக்குப் பஞ்சமில்ல. யாரு வச்சது? நீங்களா?"

"வீட்டுக்காரர்."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல. நறுக்குன்னு நாலு கேட்டிருப்பேன்."

"செத்துட்டார்."

அவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். "ஷாக் அடிச்சா?"

"இல்ல. வேற."

அதற்குப் பிறகு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். போட்டதில், அவர் கருகிய கம்பியைக் கழற்றி முடிக்கும்வரை நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

*

ஜனவரி. ஆறு இடுப்பளவு. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

மோட்டார் காயில் கட்டித் திரும்பி வந்து மூன்றாம் நாள். மில் வாசலில் வரிசை கதவைத் தாண்டிக் கூரைத் தண்ணீர் விழும் இடம்வரை நின்றது. முதல் ஆள் டொரிக்கா. இரண்டாவது தலைவி சிங்காம்பா. தன் தொட்டியைத் தரையில் வைத்து, அதன் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டார்ட்டருக்கு மூடி போட்டிருந்தேன். நான்கு திருகாணியையும் முறுக்கியிருந்தேன்.

பொத்தானை அமுக்கினேன். ஓடியது. இரண்டு நிமிடம். பல்பு சிவந்தது. 'டக்.'

மில்லின் மூடியைக் கழற்றி, சல்லடையை உருவி, அடைத்த சோளத்தை அள்ளினேன். மறுபடி அமுக்கினேன். ஒரு நிமிடம். 'டக்.'

ஐந்தாவது தடவை டொரிக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன மில்லம்மா இது, கோழி கொத்துற மாதிரி? கட்டை எங்க?"

நான் அவளைப் பார்த்தேன்.

"எந்தக் கட்டை?"

"எந்தக் கட்டையா? பிஸ்விக் சொருகி வச்சிருந்தாரே, அதான். ஒரு வருஷமா வரிசையில நின்னு அதைத்தானே பாத்துட்டு இருந்தோம். வேற என்ன இருக்கு இங்க பாக்க? உன் மூஞ்சியா?"

பின்னால் சிரிப்பு. யாரோ ஒருத்தி சொன்னாள்: "கரண்ட் போனா அவரு ஓடி ஓடி உருவுவாரே, என் பேரன் அதே மாதிரி நடிச்சுக் காட்டுவான்."

கையில் ஈர மாவோடு நின்றேன். வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். ஒவ்வொரு முகமும் அன்று இடுகாட்டில் இருந்த முகம். இரண்டு நிமிடத்தில் ஓடிப்போய் உருவியிருக்கக் கூடிய கைகள். பூட்டு என்ன பெரிய பூட்டு, பின்பக்கத் தகரத்தை ஒரு கல்லால் நெம்பினால் வந்துவிடும், அதுவும் எல்லாருக்கும் தெரியும். குழி வெட்டிய மூத்தவரின் மனைவி ஏழாவதாக நின்றிருந்தாள். பாட்டுக் குழுவில் எல்லா அடியும் பாடியவள் பத்தாவதாக.

தலைவியிடம் வந்து நின்றது என் பார்வை.

"அம்மா... அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

சிங்காம்பா மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்தாள். மழையைப் பார்த்தாள். அந்த மழைக்கு அப்பால் ஆறு இருந்தது.

"அன்னிக்குக் குழி மூடல" என்றாள்.

"கோழி வாங்கினீங்களே?"

"சத்தம் போட்டுச்சுல்ல?"

அவ்வளவுதான். டப்பாவை மூடி இடுப்பில் செருகினாள்.

எனக்கு ஏதாவது தோன்றும் என்று அப்படியே நின்றேன். மாவுத் தூசியில் இருமல்தான் வந்தது.

"கட்டை வேணாம்" என்றேன். "விழட்டும். எத்தனை தடவை விழுதோ அத்தனை தடவை அள்ளறேன். அவசரம்னா லைசன்கிட்ட போங்க."

"இந்தத் தண்ணியிலயா? என் மகள் ஒருத்தி நொண்டுறது போதாதா?" டொரிக்கா தன் தொட்டியை இன்னும் ஓரடி முன்னால் நகர்த்தினாள். "அள்ளு, அள்ளு. நானும் ஒரு கை போடறேன்."

அவள் சல்லடையைப் பிடித்துக்கொண்டாள். நான் அள்ளினேன். பல்பு கொஞ்சம் வெளுத்ததுபோல் தெரிந்தது.

"வோல்டேஜ் வந்துடுச்சா பாரு" என்றாள் தலைவி.

பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.